சானுடைய பொக்லைன்

பொக்லைனின் கை மறுபடியும் தொங்கிவிட்டது.

மிரான் விழுதுப் பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளை மொச்சையை வேகவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, சீனி சேர்த்துக் கிளறிய விழுது. பரங்கிக்காய்ப் பொடி கலந்து மஞ்சளாக்கியிருந்தாள். கேக் மேல் போடுகிற பூ என்றால் இந்த விழுது சொன்னபடி கேட்கும். மேலே தூக்கி நிற்கும் இரும்புக் கைக்கு அது ஆகவில்லை. வைத்த உடனே நன்றாகத்தான் இருந்தது. அவள் கரண்டியைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் முழங்கை மடங்கி, மண்வாரி முகம் குப்புற விழுந்தது.

துறைமுக மீன் சந்தைக்குப் பின்சந்தில் இருக்கிற அரிசிமாவு மில்லில் சன்னலோரமாக ஒரு மேசை. அது மிரானுக்குக் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மில் அவளுடைய கணவனின் அக்கா தோக்ரேயுடையது. அதற்கு முன்னால் எத்தனையோ குளிர்காலங்கள் மிரான் சிப்பிக் கொட்டகையில் நின்று சிப்பி உடைத்தாள். ஈரத் தரை, குட்டைக் கத்தி, விடியுமுன் தொடங்கும் வேலை. வலது மணிக்கட்டு ராத்திரிகளில் தூங்க விடாது. மழைக்காலத்தில் நகர மகளிர் மையத்தில் விழுதில் பூப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டாள். ரோஜா, செவ்வந்தி, காமெலியா. அவ்வளவுதான் தெரியும்.

"புது வருஷம் வரைக்கும் மேசை ஒனக்கு" என்று தோக்ரே சொல்லியிருந்தாள். "ஆளுங்க தேடி வந்தாங்கன்னா வச்சுக்க. வரலேன்னா மேசை எனக்கு வேணும். நீ கொட்டகைக்குப் போயிரு. வருத்தப்படக் கூடாது."

"சரி மதினி" என்றாள் மிரான்.

இதுவரை வந்ததெல்லாம் அரிசிமாவில் அவித்த பூக்கேக். அறுபது வயது, எழுபது வயதுப் பிறந்தநாட்கள். ஒன்றில் காமெலியா முட்டைக்கோஸ் போல வந்தது. ஒன்றைப் பெட்டியில் வைக்கும்போது ஓரம் நசுங்கிவிட்டது. பூ இல்லாமல் வந்த முதல் கேக் இதுதான்.

கேட்டு வந்த பெண் உள்ளே வந்து உட்காரவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள். நாற்பதுக்குள் இருக்கும். வெளித்தீவிலிருந்து படகில் வந்ததாகச் சொன்னாள்.

"பூ மட்டுந்தான் போடுவீங்களா?"

"இப்போதைக்குப் பூதான் அக்கா. ஒங்களுக்கு என்ன வேணும்?"

அவள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சள் பொக்லைன் பொம்மை. ஒரு பக்கத்துச் சங்கிலிச் சக்கரம் கழன்றிருந்தது.

"இதே மாதிரி. கையைத் தூக்கிட்டு நிக்கணும்."

"பையனுக்கா?"

"ஆமா."

"எத்தனை வயசு?"

அவள் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "இந்த வருஷம் பத்து."

"பேரு எழுதணுமா?"

"வேண்டாம்."

"மெழுகுவத்தி எத்தனை வைக்க? சின்னதா பத்து வச்சிரட்டா?"

"வேண்டாம்."

"உள்ள? பரங்கி வைக்கலாம், எள்ளு வைக்கலாம்..."

"ஒண்ணும் வேண்டாம். வெள்ளையா மட்டும்."

"யாருன்னு குறிச்சுக்க?"

"சான் அம்மா."

தோக்ரே அன்று கடையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். அவள் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஜின்ஜுவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மிரானின் மனசு முழுக்க அந்தத் தூக்கிய கையில் இருந்தது.

சாயங்காலம் அவள் கணவன் சாங்க்யு சிப்பிப் படகிலிருந்து இறங்கி நேராக மில்லுக்கு வந்தான். ரப்பர் காலணியைக் கழற்றாமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"என்னது இது, காய்ச்சல் கண்ட ஒட்டகச்சிவிங்கியா?"

"பொக்லைன்."

"அப்படிச் சொன்னாத்தான் தெரியுது."

"சிரிக்காதீங்க. நாளைக்குக் காலையில வாங்க வந்துருவாங்க. கை நிக்கவே மாட்டேங்குது."

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "எலும்பு இல்லாம எந்தக் கை நிக்கும்? சூப்புக்கு வெட்டிப் போடுற நீட்டு அரிசிக் கேக் இருக்குல்ல, அதைக் காய வச்சா கல்லு மாதிரி ஆயிரும். போன வருஷம் என் பல்லைப் பேத்துச்சே, மறந்துட்டியா?"

மில்லின் பின்பக்கம் மூங்கில் தட்டில் அப்படிக் காய்ந்த குச்சிகள் கிடந்தன. மிரான் இரண்டை எடுத்து, தன் பழைய சிப்பிக் கத்தியால் முனையைச் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, வெள்ளைக் கேக் கட்டையால் செய்த உடம்புக்குள் ஆழமாகச் செருகினாள். மேலே மஞ்சள் விழுதைப் பூசினாள். கருப்பு எள் கலந்து சக்கரம் போட்டாள். கை நின்றது. அவள் கரண்டியைக் கழுவினாள். திரும்பிப் பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அதைச் செய்தாள்.

பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சோள உருண்டையைச் செம்பயற்றில் புரட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சிவப்பு இருந்தால் கெட்டது எதுவும் பிள்ளையை நெருங்காது. மிரானும் தன் மகளுக்கு ஒரு வருஷம்கூட விடாமல் செய்து கொடுத்திருந்தாள். பத்தாவதுதான் கடைசி. தீவிலிருந்து படகு பிடித்து வந்து போகிற தாய்க்கு அதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளையாக மட்டும் என்றது சிக்கனத்துக்காகவும் இருக்கலாம். அடிக்கேக் இரண்டு அடுக்காக இருந்தது. நடுவில், வேகவைத்து ஒன்றிரண்டாக மசித்த செம்பயற்றை விரல் கனத்துக்குப் பரப்பினாள். தன் பங்குக்கு ஒரு அன்பளிப்பு. பக்கவாட்டில் தெரியாதபடி வெள்ளை விழுதால் மூடி, மேலே பொக்லைனை நிறுத்தினாள்.

காலையில் சான் அம்மா வந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். படகின் ஊதல் ஒருமுறை கேட்டது.

"இப்படித்தான் தூக்கும்" என்றாள்.

மிரானுக்கு வாய் வரை வந்தது, உள்ளே ஒன்று வைத்திருக்கிறேன் என்று. வெட்டும்போது பையனே பார்க்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். சான் அம்மா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி சந்தில் நடந்து போனாள்.

தோக்ரே உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தாள். காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து உள்ளே வந்தவள், தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள்.

"யாருக்குச் செம்பயறு?"

மிரான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. கை நின்ற கதையையும் சொன்னாள்.

தோக்ரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தத் தீவு?"

"அலைத்தடுப்புச் சுவர் புதுசா கட்டுனாங்களே, அந்தத் தீவு."

"பேரு என்ன சொன்னா?"

"சான் அம்மான்னு."

"மெழுகுவத்தி வேண்டாம்னாளா?"

"ஆமா."

"பேரு எழுத வேண்டாம்னாளா? வெள்ளையா மட்டும்னாளா?"

"ஆமா மதினி. எதுக்குக் கேக்கீங்க?"

"அந்தப் புள்ள போயி மூணு வருஷமாச்சுடி." தோக்ரே உட்கார்ந்தாள். "அப்பன் பொக்லைன் ஓட்டிட்டிருந்தான், அந்தச் சுவருல. புள்ள வேடிக்கை பாக்கப் போயி கல்லு இடுக்கு வழியா கடல்ல விழுந்துருச்சு. சந்தையே பேசுச்சு. நீ கொட்டகைக்குள்ள சிப்பியும் கையுமா இருந்திருப்ப."

மிரான் தொட்டியில் ஊறிய பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்தவங்க புள்ளைக்குப் படையல் வைக்கப்படாதும்பாங்க. பெரியவங்க விட மாட்டாங்க. அதான் பொறந்தநாளுன்னு நீ நெனைச்சதை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கா. செம்பயறு இருக்கிற வாசல்ல செத்தவங்க காலு வைக்க மாட்டாங்க. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மதினி."

"பின்ன?"

"புள்ள இருக்கான்னு நெனைச்சேன்."

மிரான் கைப்பேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த படகு சாயங்காலம்தான். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே படைத்து முடித்துவிடுவாள் என்றாள் தோக்ரே.

"மதினி, நான்..."

"கத்துறதை அப்புறம் கத்திக்கிறேன். மாவை எடு."

தோக்ரே கொதிகலனைப் பற்ற வைத்தாள். மிரான் அரிசிமாவில் தண்ணீர் தெளித்து, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, சல்லடையில் சலித்தாள். ஒரு பிடி பிடித்து மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். உடைந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். மறுபடி சலித்தாள். இந்தமுறை கையில் முழுசாக வந்து விழுந்தது. ஆவிச் சட்டியில் பரப்பி மூடினார்கள். ஆவி சன்னலை மூடியது. செம்பயற்றுப் பாத்திரத்தைத் தோக்ரே எடுத்துப் போய்க் கொல்லைக் குழாயில் தானே தேய்த்துக் கழுவினாள்.

மிரான் கூப்பிட்டுச் சொன்னதும் சாங்க்யு கரைக்கு வந்து படகைக் கிளப்பி வைத்திருந்தான். சிப்பி மூட்டை ஏற்றுகிற தட்டைப் படகு. மேல்காற்று அடித்தது. மிரான் கேக் பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, ஈரத்துணியால் மூடிப் பிடித்துக்கொண்டாள். சூட்டோடு பொக்லைனைத் தூக்கி வைத்தால் விழுது உருகி வழுக்கிவிடும். ஆறிவிட்டாலும் மேலே வறண்டு போகக் கூடாது. துணியின் ஓரம் படபடவென்று அடித்தது. அவள் நாலு மூலையையும் விரல்களால் அழுத்திக்கொண்டு, போகும் வழியெல்லாம் தலை நிமிரவில்லை.

"என்ன சொல்லப் போற?" என்று சாங்க்யு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்டான்.

"தெரியலை."

"நான் வரட்டா?"

"வேண்டாம். நான்தானே வச்சேன்."

தீவுத் துறையில் ஒரு கிழவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மிரான் வழி கேட்டாள்.

"யாரு வீடு?"

"சான் அம்மா வீடு."

கிழவரின் கை நின்றது. "அந்தப் பேரை இங்க யாரும் சொல்றதில்ல இப்போ." வலையைப் பார்த்தபடியே சொன்னார். "மேல போங்க. நீலக் கூரை. இன்னிக்கி வாசக்கதவு தொறந்து கெடக்கும். வருஷத்துல இந்த ஒரு நாளுதான். நாங்க யாரும் பாக்கலை."

வாசற்கதவு திறந்துதான் கிடந்தது. அந்தக் குளிரிலும் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. கூடத்தில் ஒரு சின்ன மேசை. சோறு, கடற்பாசிச் சூப். சூப்பில் பூண்டு வாசனை இல்லை; செத்தவர்களுக்கு வைப்பதில் பூண்டு ஆகாது. பொரித்த சாசேஜ் துண்டுகள். ஸ்ட்ராபெரிப் பால் ஒன்று, குழல் குத்தியபடி. நடுவில் பொக்லைன், கையைத் தூக்கிக்கொண்டு. சான் அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மிரான் வந்து நின்றதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"கேக்குக்குள்ள செம்பயறு வச்சுட்டேன்" என்றாள் மிரான். வேறு எப்படித் தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. "எனக்குத் தெரியாது. பையன் இருக்கான்னு நெனைச்சு, பத்து வயசாச்சேன்னு..."

சான் அம்மாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு மேசையைப் பார்த்தாள்.

"வெள்ளையா மட்டும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"ஒங்களை யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"காலையிலேருந்து இந்த வீட்டுக்குள்ள இருக்கு. கதவைத் தொறந்து வச்சுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் நான். நீ வந்து சாப்பிடு, நீ வந்து சாப்பிடுன்னு." அவள் குரல் உயரவில்லை. "வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருந்தா? வாசல்ல நின்னு, அம்மா எதுக்கு இப்படி வச்சிருக்கான்னு நெனைச்சுட்டுப் போயிருந்தா?"

மிரான் பெட்டியைத் திண்ணையின் விளிம்பில் வைத்துத் துணியை எடுத்தாள். வெள்ளைக் கேக் ஆறியிருந்தது. வெடிப்பு இல்லை.

"இது வெறும் வெள்ளை. மதினியும் நானும் இப்பத்தான் செஞ்சோம். மேல இருக்கிறதுல ஒண்ணும் இல்லை. அடியிலதான் இருக்கு. மாத்தி வச்சுத் தாரேன். அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

சான் அம்மா நகர்ந்து வழி விட்டாள். அவ்வளவுதான்.

மேசையை அப்படியே முற்றத்துக்கு வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார்கள். மிரான் இரண்டு சட்டுவங்களைப் பொக்லைனுக்கு அடியில் இரண்டு பக்கமும் செலுத்தினாள். மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். உடம்பு வந்தது. சக்கரம் வந்தது. புதிய கேக்கின் மேல் இறக்கும் அந்தக் கடைசி நொடியில் கை அசைந்தது. உள்ளே குச்சி பொருந்திய இடம் நெகிழ்ந்து, மஞ்சள் விழுது பிளந்து, கை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது.

சான் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஆள் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். நெத்திலிப் படகுக்காரர்களின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு. காற்று பலத்ததால் படகைத் திருப்பிவிட்டிருக்க வேண்டும்.

"நீங்க சாயங்காலம்தானே வரணும்" என்றாள் சான் அம்மா.

அவன் மேசையைப் பார்த்தான். சோற்றை, சூப்பை, பாலை. பிறகு பொக்லைனை.

"யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றாள் மிரான்.

"மண்வாரிக்குப் பல்லு அஞ்சு. நாலு வச்சிருக்கீங்க."

"மன்னிச்சுக்குங்க."

அவன் மழைக்கோட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினான். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கையைக் கழுவினான். வந்து மேசைக்கு முன்னால் குந்தினான். தடித்த விரல்களால் சாய்ந்த கையைத் தொட்டான். அது எங்கே மடங்க வேண்டும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. முழங்கையை மெதுவாக மடக்கி, கீழே கொண்டுவந்தான்.

"தூக்கி வைங்க" என்றாள் சான் அம்மா. "தூக்கித்தான் வைக்கணும். நீங்க தூக்கிக் காட்டினாத்தானே அவன் கை ஆட்டுவான். எறக்காதீங்க."

"வேலை முடிஞ்சு நிறுத்துறப்போ கையை எறக்கித்தான் வைக்கணும்." அவன் மண்வாரியின் முகத்தை வெள்ளைக் கேக்கின் மேல் படும்படி அழுத்தினான். "மண்வாரி தரையில படணும். அவனுக்குத் தெரியும் அது. எறக்கிட்டேன்னா, அப்பா வீட்டுக்குக் கெளம்பிட்டாருன்னு எனக்கு முன்னாடி ஓடி வருவான்."

கொஞ்சம் மஞ்சள் விழுதைக் கிள்ளி, விரலில் உருட்டி, நாலு பல்லுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒட்டினான்.

"அன்னிக்கி நான் எறக்கலை" என்றான். "தூக்குனது தூக்குனபடி விட்டுட்டு ஓடுனேன். அடுத்தநாள் வேற ஆளு வந்து எறக்குறவரைக்கும் அப்படியேதான் நின்னுச்சு."

சான் அம்மா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விழுது ஒட்டியிருந்த அவன் விரலைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள். இருவருமாக மேசையைத் தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். அவன் கடல் உப்பு ஏறிய தன் செருப்பை எடுத்து, வாசலின் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி வைத்தான். வருகிறவனுக்கு வழி வேண்டும்.

மிரான் பழைய கேக்கைப் பெட்டியில் எடுத்து வைத்தாள். முற்றத்தில் ஏதும் சிந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. வாசலைத் தாண்டும்போது பின்னால் காலடி கேட்டது.

"அதை இங்க எங்கயும் வச்சுட்டுப் போயிராதீங்க" என்றாள் சான் அம்மா.

"இல்லை."

"கடல்லயும் போட்டுராதீங்க. அவன் அந்த வழியாத்தான் வரணும்."

"போட மாட்டேன்."

அவள் திரும்பினாள். பிறகு நின்றாள். "அடுத்த வருஷமும் வருவேன். பதினொண்ணு. வெள்ளையா மட்டும்."

"சரி, சான் அம்மா."

அந்தப் பெயரைக் கேட்டு அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

படகு துறையை விட்டு விலகியது. அலைத்தடுப்புச் சுவரின் கான்கிரீட் கட்டைகள் பக்கத்தில் வந்து, பின்னால் போயின. சாங்க்யு பெட்டியைப் பார்த்தான்.

"அதையா திருப்பிக் கொண்டு வார? இப்படிக் குடு, மீனாவது திங்கட்டும்."

"வேண்டாம்."

"அக்கா வாசல்ல நுழையவே விட மாட்டா, அதோட போனா."

மிரான் பெட்டியைத் திறந்தாள். பொக்லைன் நின்ற இடத்தில் இரண்டு சக்கரத் தடங்கள் இருந்தன. சிப்பிக் கத்தியால் ஒரு துண்டு வெட்டினாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. வாயில் போட்டாள். செம்பயறு நன்றாக வெந்து, பதமாக இருந்தது. இனிப்பும் சரியாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மென்றாள்.

சாங்க்யு பார்த்துவிட்டு, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மற்றக் கையை நீட்டினான். அவள் அதில் ஒரு துண்டு வைத்தாள்.

"கீழ சிந்தாதீங்க" என்றாள்.

அவன் குனிந்து கையோடு சேர்த்துத் தின்றான். தின்றுவிட்டுப் பழக்கத்தில் கையைக் கடல் பக்கமாக உதறப் போனான். மிரான் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைத் தன் விரலால் வழித்தெடுத்தாள்.

இருவருமாகக் கேக் முழுவதையும் தின்றார்கள். தின்ன முடியாமல் தின்றார்கள். துறைமுகத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. மிரான் பெட்டியின் மூலைகளை நக்கிய விரலால் தடவிப் பார்த்தாள். மடியை உதறாமல் மெதுவாக எழுந்தபோது, பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பயறு தளத்தில் விழுந்து, கடல் தண்ணீர் வழிந்தோடும் துளையை நோக்கி உருண்டது. அவள் முழங்காலிட்டு அதைக் கையால் மறித்து எடுத்தாள். உப்பாக இருந்தது. விழுங்கினாள்.